கடல் தாண்டும் மோட்டார் சைக்கிள்



கேமரன் மலையின் தேயிலைத் தோட்டமொன்றில் பள்ளி ஆசிரியராக இருக்கும் நம்மிடம், முன்னாள் மாணவர் ஒருவர் அண்மையில் ஒரு கேள்வி கேட்டார். தேயிலை ஆலையில் வேலை பார்ப்பவர். வயது இருபத்து நான்கு. புதிதாக ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தார்.

“சார், எங்க தாத்தா நாகப்பட்டினத்திலேருந்து கப்பல்லதானே வந்தாரு? நான் என் மோட்டரக் கப்பல்ல ஏத்திக்கிட்டு அதே வழியில அவரு ஊருக்குப் போய்ட்டு வரலாமா?”

நல்ல கேள்வி. ஆனால், “முடியும்” என்றோ “முடியாது” என்றோ ஒரே சொல்லில் விடை கூற இயலாத கேள்வி. அதற்குள் மேலும் மூன்று கேள்விகள் அடங்கியுள்ளன. எந்தக் கப்பல் வண்டியை ஏற்றும்? அலையில் வண்டி எப்படிச் சேதமின்றி நிற்கும்? மறுகரையில் உள்ள நாடு அதை எந்த ஆதாரத்தின் பேரில் உள்ளே விடும்? இம்மூன்றையும் இன்றைய பேச்சில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மலைத்தோட்டத்து மக்களுக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருள் அன்று என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறும் சாலை 1930களின் தொடக்கத்தில் திறக்கப்பட்டது. அதற்குச் சற்று முன்பு, 1929-இல், போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. பெரிய சாலை வந்தபோதிலும், தோட்டத்திலிருந்து கடைத்தெருவுக்கும் மருத்துவமனைக்கும் போகும் சிறு பாதைகளில் நம்மவர்க்குக் கைகொடுத்தது சிறிய மோட்டார் சைக்கிளே. அதைக் “கப்சாய்” என்கிறோம். ‘கப்’ என்னும் ஹோண்டா வண்டியின் பெயரோடு, சிறியது என்று பொருள்படும் சீனச் சொல் சேர்ந்து பிறந்த பெயர் அது. சூப்பர் கப் 1958-இல் ஜப்பானில் வெளிவந்தது. அந்த வண்டிகளைப் பினாங்குத் தொழிலதிபர் லோ பூன் சியூ இந்நாட்டில் பரப்பினார். அவையும் கப்பலில் வந்தவையே. ஆகவே, கப்பலும் மோட்டார் சைக்கிளும் ஒன்றுக்கொன்று புதியவை அல்ல.

இனி முதற் கேள்விக்கு வருவோம். எந்தக் கப்பல் வண்டியை ஏற்றும்?

கப்பல்களை நம் தேவைக்கேற்ப மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் வகை, உல்லாசப் பயணக் கப்பல். பினாங்கின் சுவெட்டன்ஹாம் துறையில் வந்து நிற்கும் மாடமாளிகை போன்ற கப்பல்களை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றில் உறங்க அறையும் உண்ணக் கூடமும் நீந்தக் குளமும் உண்டு. ஆனால் பயணிகளின் வண்டிகளை ஏற்றி நிறுத்தும் தளம் பொதுவாக இராது. பெட்ரோல் உள்ள வண்டியைப் பயணிகளின் மூட்டைமுடிச்சோடு சேர்த்து ஏற்றத் தீ விபத்து பற்றிய அச்சமும் இடம் தராது. மேலும் அத்தகைய கப்பல் ஒரு துறையில் சில மணி நேரமே நிற்கும். ஒவ்வொரு நாட்டிலும் வண்டியை இறக்கி, சுங்கச் சோதனை முடித்து, மீண்டும் ஏற்ற அந்த நேரம் போதாது. எனவே உல்லாசக் கப்பலில் விடுமுறைக்குச் செல்வோர் தம் வண்டியை வீட்டில் விட்டுவிட்டுத்தான் செல்ல வேண்டும்.

இரண்டாம் வகை, வண்டிகள் தம் சக்கரங்களிலேயே உருண்டு ஏறி, உருண்டு இறங்கும் கப்பல். அதற்கு ‘ரோரோ’ என்று பெயர். கப்பலின் முன்புறமோ பின்புறமோ ஒரு பெரிய கதவு பாலம்போல் கரையில் இறங்கும். நாம் ஓட்டிக்கொண்டே உள்ளே போகலாம். நாம் ஃபெரி என்றழைக்கும் பெரிய படகுகளும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் சாலையே எட்டாத கடற்கரை ஊர்கள் பல உள்ளன. அங்கே அரசாங்கம் 1963 முதல் இத்தகைய கப்பல்களை நெடுஞ்சாலைக்குப் பதிலாக நடத்தி வருகிறது. பயணிகள் மோட்டார் சைக்கிளோடு ஏறி, நாள்கணக்கில் கடலில் சென்று, தாம் விரும்பும் ஊரில் இறங்குகிறார்கள். வண்டியோடு கூடிய கப்பல் விடுமுறை என்று உண்மையில் சொல்லத்தக்கது இதுதான்.

மூன்றாம் வகை, சரக்குக் கப்பல். இதில் வண்டி போகும், வண்டிக்காரர் போகமாட்டார். வண்டியை மரச் சட்டத்துக்குள் அடைத்து, கொள்கலன் என்னும் இரும்புப் பெட்டியில் ஏற்றுவார்கள். உரிமையாளர் விமானத்தில் சென்று மறுதுறையில் காத்திருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த மாணவரின் தாத்தா வந்த கப்பல் இவற்றில் எந்த வகை? அது பயணிகளையும் சரக்கையும் ஒருங்கே சுமந்த பழைய வகையைச் சேர்ந்தது. நம் பெரியவர்கள் வாயிலிருந்து இன்றும் மறையாத பெயர் ‘ரஜூலா’. 1926-இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட அக்கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைகளுக்கிடையே 1973 வரை ஓடியது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். அதற்குப் பின் ‘சிதம்பரம்’ வந்தது. 1966-இல் பிரான்சில் ‘பாஸ்தர்’ என்ற பெயரில் கட்டப்பட்ட கப்பல் அது. 1970களின் தொடக்கத்தில் இந்தியக் கப்பற் கழகம் அதை வாங்கி இத்தடத்தில் விட்டது.

ஊர் திரும்பும்போது தகரப் பெட்டியோடு மிதிவண்டியையும் ஏற்றிச் சென்றவர்கள் உண்டு எனப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மோட்டார் சைக்கிள்களும் இத்தடத்தில் சென்றன. பர்மாவின் தரைவழி அந்நாளில் வெளிநாட்டுப் பயணிகளுக்கு மூடிக் கிடந்தது. ஆதலால் ஆஸ்திரேலியாவிலிருந்தும் சயாமிலிருந்தும் இந்தியாவுக்குப் போக விரும்பிய வண்டிக்காரர்களுக்குப் பினாங்கு–சென்னை கப்பலே பாலமாக அமைந்தது. 1973-இல் லண்டனிலிருந்து ஒரு டிரயம்ப் வண்டியில் புறப்பட்டு நான்கு ஆண்டுகள் உலகைச் சுற்றிய டெட் சைமன், மலேசியாவிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில்தான் சென்றார். 1982-இல் லண்டனிலிருந்து புறப்பட்ட எல்ஸ்பெத் பியர்ட் என்ற பெண்மணியும் தம் பி.எம்.டபிள்யூ வண்டியோடு பினாங்கிலிருந்து கப்பலேறிச் சென்னை சேர்ந்தார்.

ஆனால் அந்தப் பாலம் இன்று இல்லை. 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலில் நடுக்கடலில் தீப்பிடித்தது. பலர் உயிரிழந்தனர். அதன்பின் அக்கப்பல் பயணிகளை ஏற்றிக்கொண்டு மலேசியாவுக்கு வரவில்லை. அதே 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. தீவுக்குச் செல்லச் சாலை கிடைத்த ஆண்டிலேயே நாகப்பட்டினத்துக்குச் செல்லும் கடல்வழி நமக்கு அற்றுப்போயிற்று.

தரைவழியே போகலாகாதா என்று நேயர்கள் கேட்கலாம். தாய்லாந்து, மியன்மார் வழியாக மணிப்பூருக்குள் நுழையும் வழி பின்னாளில் வெளிநாட்டுப் பயணிகளுக்குத் திறந்தது. முன்அனுமதி பெற்றுச் சிலர் வண்டியோட்டிச் சென்றதும் உண்டு. 2020-இல் கொள்ளைநோய் வந்தது; 2021 பிப்ரவரியில் மியன்மாரில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதன்பின் அவ்வழியை நம்பிப் பயணத்தைத் திட்டமிட இயலவில்லை. நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் 2023 அக்டோபரில் பயணிகள் படகு தொடங்கியதைச் செய்தியில் படித்திருப்பீர்கள். அது ஆள்களையும் அவர்தம் பைகளையும் ஏற்றும் படகு; வண்டிகளை அன்று. ஆகவே நம் மாணவருக்கு எஞ்சியிருப்பது மூன்றாம் வகை, அதாவது சரக்குக் கப்பல் மட்டுமே.

இங்கே, மறுகரை நாடு வண்டியை எந்த ஆதாரத்தின் பேரில் உள்ளே விடும் என்ற கேள்வி முன்னே வந்து நிற்கிறது.

மனிதருக்குக் கடப்பிதழ் இருப்பதுபோல வண்டிக்கும் ஒன்று உண்டு. அதன் பெயர் ‘கார்னே’. பிரெஞ்சு மொழிச் சொல். சிறு ஏடு என்று பொருள். ஒரு நாடு வெளிநாட்டு வண்டியைத் தற்காலிகமாக உள்ளே விடும்போது, “இவ்வண்டியை இங்கேயே விற்றுவிட்டுப் போய்விட்டால் நமக்கு வரவேண்டிய இறக்குமதி வரி என்னாவது?” என்று அஞ்சுகிறது. அந்த அச்சத்தைப் போக்குவதே கார்னேயின் வேலை. “வண்டி திரும்பாவிட்டால் வரிக்கு நாங்கள் பொறுப்பு” என ஒரு மோட்டார் வண்டிச் சங்கம் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி அது. நம் நாட்டில் மலேசிய மோட்டார் வண்டிச் சங்கத்தை இதற்கு அணுக வேண்டும். இந்தியா கார்னே கேட்கும் நாடுகளுள் ஒன்று.

ஏட்டின் ஒவ்வொரு தாளும் மூன்று பகுதிகளாக இருக்கும். வண்டி நுழையும்போது சுங்க அதிகாரி ஒரு பகுதியைக் கிழித்து வைத்துக்கொண்டு, நம்மிடம் எஞ்சும் அடித்தாளில் முத்திரையிடுவார். வெளியேறும்போது மற்றொரு பகுதியைக் கிழித்துக்கொண்டு, அதே அடித்தாளில் இரண்டாம் முத்திரையிடுவார். அடித்தாளில் இரண்டு முத்திரைகளும் இருந்தால் கணக்குத் தீர்ந்தது. இரண்டாம் முத்திரை இல்லையேல் வண்டி இன்னும் அந்நாட்டில் இருப்பதாகவே பொருள்.

சங்கம் நமக்காகப் பிணை நிற்பதால், அதுவும் நம்மிடம் பிணை கேட்கும். ரொக்க வைப்பாகவோ வங்கி உத்தரவாதமாகவோ அதைத் தரவேண்டும். வண்டியின் மதிப்பையும் போகும் நாட்டின் வரியையும் பொறுத்து அத்தொகை அமையும். முத்திரைகளோடு ஏட்டைத் திருப்பிக் கொடுத்தால் வைப்பு நமக்குத் திரும்பும். வண்டி களவு போனாலும், விபத்தில் நொறுங்கினாலும், உரிய சான்றுகளைக் காட்டி வழக்கைத் தீர்க்கும்வரை பணம் முடங்கிக் கிடக்கும். முத்திரை வாங்க மறந்துபோனாலோ, பணம் போனதாகவே முடியலாம்.

நம் மாணவர் இதை அறியவில்லை. பிணைத் தொகைக்காகத் தம் தாயாரின் சங்கிலியை அடகு வைக்க எண்ணியிருந்தார். வண்டியோ தவணைக் கடனில் வாங்கியது. தவணை முடியும்வரை வண்டியில் கடன் கொடுத்தவருக்கும் உரிமை உண்டு. அவர் எழுத்து மூலம் இசைவு தராமல் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகலாகாது. நம் நாட்டுக் காப்புறுதியும் பொதுவாக மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய நாடுகளோடு நின்றுவிடும். இந்தியச் சாலைக்குத் தனியே காப்புறுதி எடுக்க வேண்டும். ஓட்டுநருக்கு அனைத்துலக ஓட்டுநர் உரிமமும் தேவை. அதைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பெறலாம். சரக்குக் கூலியும் துறைமுகச் செலவும் போகவும் வரவும் இருமுறை. அடைக்கும் சட்டத்தின் மரம்கூட வெப்பமூட்டிப் பதம்செய்து முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும். மரத்தோடு பூச்சி நாடு தாண்டாதிருக்க அவ்விதி.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகையை விசாரித்து நிரப்பி வரச் சொன்னோம். இரண்டு வாரம் கழித்து வந்தார். “சார், வண்டி விலையை விட வண்டிய அனுப்புற செலவு கூட வருது” என்றார். வேறொன்றும் நாம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதற்காக, வண்டியோடு கடல் தாண்டும் ஆசையே தவறு என்பதில்லை. நம் நாட்டுக்குள்ளேயே அதற்கு வழியுண்டு. பட்டர்வொர்த்துக்கும் பினாங்குக்கும் இடையே 1894 முதல் ஃபெரி ஓடுகிறது. 2021 தொடக்கத்திலிருந்து அது கார்களை ஏற்றுவதில்லை. 2023 ஆகஸ்டில் வந்த நான்கு புதிய ஃபெரிகளும் ஆள்களையும் இருசக்கர வண்டிகளையும் மட்டுமே ஏற்றுகின்றன. குவாலா பெர்லிசிலிருந்து லங்காவிக்கு ரோரோ கப்பல் உண்டு. விரைவுப் படகில் ஆள்கள் மட்டும்தான். வண்டிக்கு ரோரோவில் முன்பதிவு செய்ய வேண்டும். லங்காவி 1987 முதல் வரிவிலக்குத் தீவு. ஆகவே அங்கு வாங்கும் பொருள்களோடு திரும்புகையில் சுங்க விதிகளைக் கேட்டறிந்துகொள்வது நல்லது.

இத்தகைய பயணத்துக்கு நம் மூன்று கேள்விகளில் எஞ்சியதொன்றே முக்கியமானது. அலையில் வண்டி எப்படி நிற்கும்?

இதை நாம் பட்டே தெரிந்துகொண்டோம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நீரிணையைக் கடக்கையில், நம் கப்சாயைப் பக்க ஸ்டாண்டில் சாய்த்துவிட்டுக் காற்று வாங்க மேல்தளத்துக்குப் போய்விட்டோம். அருகே ஒரு பெரிய கப்பல் கடந்தது. அதன் அலை வந்து மோதியதும் கீழே ‘தடால்’ என்ற ஓசை. நம் வண்டி விழுந்து, பக்கத்து வண்டியையும் சாய்த்துவிட்டது. கைப்பிரேக் ஒடிந்தது. பக்கத்து வண்டிக்காரர் காய்கறி வியாபாரி. அவருக்கு உடைந்த கண்ணாடிக்குப் பணம் கொடுத்தோம். அவர் இழந்த அரைநாளை நம்மால் கொடுக்க முடியவில்லை. பிழை நம்முடையதே.

ஏன் விழுந்தது? பக்க ஸ்டாண்டில் நிற்கும் வண்டி இடப்பக்கம் சாய்ந்திருக்கும். அதன் எடை சக்கரங்களுக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே இறங்குவதால் நிற்கிறது. கப்பல் வலப்பக்கம் சாய்ந்தால், வண்டியின் சாய்வு குறைந்துகொண்டே போய் நிமிர்ந்துவிடும். அதற்கு மேலும் சாய்ந்தால் வலப்பக்கம் விழும். அங்கே தாங்க ஸ்டாண்டு இல்லை. நூறு கிலோ எடையுள்ள வண்டி நிற்கும் தளம் பத்துப் பாகை சாய்ந்தால், ஏறத்தாழ பதினேழு கிலோ எடையளவு விசை அதைப் பக்கவாட்டில் இழுக்கும். இருபது பாகை சாய்ந்தால் அது முப்பத்து நான்கு கிலோ ஆகிவிடும்.

ஆகவே குறுகிய பயணத்தில் வண்டியை விட்டு அகலாமல் பிடித்துக்கொண்டு நிற்பதே சிறப்பு. நீண்ட பயணமானால் கட்ட வேண்டும். கட்டும் முறை இது. எஞ்சினை நிறுத்தி முதல் கியரில் விடுங்கள். முன்புறம் இரண்டு, பின்புறம் இரண்டு என நான்கு வார்களால், நான்கு திசைக்கும் இழுத்துத் தளத்தின் வளையங்களில் கட்டுங்கள். முன் வார்களை இறுக்கும்போது முன் சக்கரத்தின் அதிர்வுத் தாங்கி பாதியளவு அமுங்கட்டும். முழுதும் அமுக்கினால் எண்ணெய்த் தடுப்பு கெடும். முன்பிரேக் கைப்பிடியை ஒரு ரப்பர் பட்டையால் அழுத்திக் கட்டிவிட்டால் சக்கரம் உருளாது. கண்ணாடி, சைகை விளக்கு, பின்னிருக்கைக் கம்பி ஆகியவற்றில் வாரைக் கட்டவே கூடாது. வண்டிச் சட்டத்தில் கட்டுங்கள். வார் உரசும் இடத்தில் பழந்துணி வையுங்கள். எல்லாம் முடிந்தபின் வண்டியை உலுக்கிப் பாருங்கள். வண்டி மட்டும் ஆடினால் கட்டு போதாது. வண்டியும் தளமும் ஒன்றாக இருப்பதுபோல் தோன்றினால் போதும். கப்பல் ஊழியர் வேறு விதமாகச் சொன்னால், அவர் சொல்வதையே கேளுங்கள். அந்தக் கப்பலை அறிந்தவர் அவர்.

கரை சேர்ந்ததும் இன்னொரு கடமை உண்டு. கடற்காற்றில் உப்பு கலந்திருக்கிறது. அது சங்கிலியிலும் ஆணிகளிலும் படிந்து, ஈரத்தை ஈர்த்துத் துருவை உண்டாக்கும். மலைக்குத் திரும்பும் முன்பே நல்ல தண்ணீரில் கழுவி, சங்கிலிக்கு எண்ணெய் இட்டு, பிரேக்கைச் சோதித்துப் பாருங்கள். தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறி இறங்கும் நம் சாலையில், துருப்பிடித்த பிரேக்கை நம்பிப் போகலாகாது.

நேயர்களே, அந்த மாணவர் என்ன செய்தார் என்று அறிய விரும்புவீர்கள். விடுமுறையில் நண்பர்கள் இருவரோடு லங்காவிக்குத் தம் வண்டியிலேயே போய் வந்தார். வார்களைக் கட்டிய விதத்தைப் படம் எடுத்து வந்து நமக்குக் காட்டினார். நன்றாகவே கட்டியிருந்தார். தாயாரின் சங்கிலி அவர் கழுத்திலேயே இருக்கிறது. தாத்தாவின் ஊருக்கு இப்போது தாயும் மகனுமாக விமானத்தில் போகப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். வண்டிக்கான செலவைத் தாயாரின் டிக்கெட்டுக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார். அவ்வூரை அவர் தாயார் இதுவரை பார்த்ததில்லை.

தகரப் பெட்டி ஒன்றோடு கடல் தாண்டி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். கப்பலில் எதை ஏற்றுகிறோம், எதைக் கரையில் விடுகிறோம் என்று கணக்குப் பார்ப்பது நமக்குப் புதிதன்று. அந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுப் பார்த்துவிட்டால், பயணம் நெடியதாயினும் குறியதாயினும் மனநிறைவு தரும்.